நெட்டிக் கோயிலுக்குக் கண்ணாடி டோம்: டெல்டா வீடுகளில் எதை மூடலாம், எதைத் திறந்தே வைக்கலாம்

மயிலாடுதுறையில் புதுவீட்டுக்குக் குடிபோயிருக்கும் நீங்கள் முக்கியமாக மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாக வந்த நெட்டிப் பெரியகோயிலை, அதாவது நெட்டி என்ற நீர்ச்செடித் தண்டில் செய்த தஞ்சைப் பெரியகோயில் மாதிரியை, மணி வடிவக் கண்ணாடி டோமுக்குள் வைக்கலாமா என்பது முதல் கேள்வி. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இன்னும் சில டோம்கள் வாங்கினால் அவற்றுக்குள் எதை வைப்பது என்பது இரண்டாவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே பூஞ்சை பிடிக்காதா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குத் தாராளமாக வைக்கலாம் என்பதே என் பதில். இரண்டாவதற்கு, வாங்க நினைத்த எண்ணிக்கையில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் தீர்மானிப்பது என்பதால் அதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

டோம் தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளெல்லாம் தாமாக வந்துவிடும். ஐரோப்பாவில் காய்கறித் தோட்டக்காரர்கள் இளநாற்றுகளைக் குளிரிலிருந்து காப்பதற்கு இத்தகைய கண்ணாடி மணிகளைக் கவிழ்த்து வைத்தார்கள். இங்கிலாந்தில் 1845-இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டுக் கண்ணாடி மலிவானபின், மெழுகுப் பூக்கள், பாடம் செய்த பறவைகள், கடிகாரங்கள் ஆகியவற்றை மூடிவைக்கும் அலங்காரமாக அது வரவேற்பறைகளில் இடம்பிடித்தது. கணப்பில் எரியும் நிலக்கரியின் கரி படியாமல் காக்க அந்த மூடி அங்கே உண்மையிலேயே தேவைப்பட்டது. நம் ஊரில் கரிக்குப் பதிலாகப் புழுதி இருக்கிறது. அதற்கு டோம் போதும். ஆனால் அந்த நாட்டு வீடுகளில் இல்லாத ஈரக்காற்று நம் வீடுகளில் ஆண்டில் பாதி நாள் நிற்கிறது. பள்ளியில் காற்றை உறிஞ்சி வெளியேற்றி மின்மணியின் ஓசை அடங்குவதைக் காட்டும் மணிஜாடியில்கூட, விளிம்பில் மசகு தடவித் தட்டில் அழுத்தினால்தான் காற்று உள்ளே போகாது. அலங்கார டோம் மரப்பீடத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வெளிக்காற்று மெதுவாக உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. 20 செ.மீ. விட்டமும் 35 செ.மீ. உயரமும் உள்ள டோமுக்குள் ஏறத்தாழ 10 லிட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், 75 விழுக்காடு ஈரப்பதத்தில், அந்தக் காற்றில் உள்ள நீராவியின் எடை கால் கிராமுக்கும் குறைவு. அந்தக் கால் கிராமால் பெரிய சேதம் எதுவும் வந்துவிடாது. சேதம் செய்வது, உள்ளே வைக்கும் நெட்டியும் மரமும் துணியும் தமக்குள் உறிஞ்சி வைத்திருக்கும் ஈரம். மழைக்காலத்தில் திறந்த அலமாரியில் கிடந்து ஈரம் ஏறிய பொருளை அப்படியே மூடிவிட்டால், அந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றும். உள்ளே ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை தானே வரும். ஆகவே டோமை எந்த மாதத்தில் மூடுகிறோம் என்பது எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பதைவிட முக்கியம். மாசி அல்லது பங்குனியில், மழையில்லாத நாளின் பிற்பகலில், பொருளையும் மரப்பீடத்தையும் மின்விசிறியின் கீழ் இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு, அதன்பின் மூடுங்கள். உங்கள் நெட்டிக்கோயில் இப்போது பாலிதீன் உறையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உறையை இன்றே அகற்றிவிடுங்கள். டோம் வரும்வரை அது காற்றோட்டமான அலமாரியில் மெல்லிய பருத்தித் துணியின் கீழ் இருக்கட்டும்.

குளிர்சாதன அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே, நீராவி துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைத் தொட்டுவிடும். பகல் முழுவதும் ஈரக்காற்று புகுந்த படுக்கையறையில் இரவு ஏ.சி.யை 24-இல் வைத்தால், அறைக்காற்றின் ஈரத்தை எந்திரம் இழுத்துவிடும். டோமுக்குள் அடைபட்ட காற்றின் ஈரத்தை அதனால் இழுக்க முடியாது. கண்ணாடியின் உட்புறம் முத்துமுத்தாக வியர்க்கும். இரவில் மட்டும் ஏ.சி. ஓடும் அறையில் டோம் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படுக்கையறை டோம் பற்றிய உங்கள் எண்ணத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிடலாம்.

சிலிக்கா ஜெல் உதவும். ஆனால் துணைக்காவலாக மட்டும். மரப்பீடத்தின் நடுவில் ஆழமில்லாத குழி ஒன்றைக் கடைந்து, அதில் ஜெல்லைப் பரப்பி, மேலே துளையிட்ட மெல்லிய தகட்டை மூடி, அதன்மேல் பொருளை வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருப்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் ஓவனில் ஓரிரு மணிநேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். மழை மாதங்களில் இதை அடிக்கடி செய்ய நேரிடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஜெல் வைக்காமலிருப்பதே மேல். ஈரத்தில் ஊறிய ஜெல் உள்ளே கிடப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இனி நெட்டிக்கு வருவோம். டெல்டாவில் டோமுக்கென்றே பிறந்த பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான். குளங்களிலும் ஏரிகளிலும் நீருக்குள் வளரும் செடியின் தண்டை உலர்த்தி, பழுப்புத் தோலைச் சீவியெடுத்தால் தந்தம்போல் வெளுத்த உள்தண்டு கிடைக்கிறது. அதைக் கூரிய கத்தியால் தாள் கனத்துக்குச் சீவி, துண்டுகளாக நறுக்கி, ஒட்டி, கோபுரமும் தூணும் மண்டபமுமாகக் கட்டுகிறார்கள். மாட்டுப்பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டிமாலையும் இதே தண்டுதான். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் தண்டின் உடல் முழுவதும் நுண்ணிய காற்றறைகள். எனவே எடை இல்லை, பலமும் இல்லை. தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்க முடியாது. துடைத்தால் தண்டு நீரை உறிஞ்சி உப்பிவிடும். உலர்துணி பட்டால் பொம்மையளவுத் துவாரபாலகர் துணியோடு வந்துவிடுவார். தண்ணீர்வண்ண ஓவியத்துக்கான மெல்லிய தூரிகை, புகைப்படக்காரர்கள் லென்சுக்குப் பயன்படுத்தும் ரப்பர் காற்றுக்குமிழ் ஆகிய இரண்டைத் தவிர வேறெதையும் அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. இப்படித் தொட முடியாத பொருளுக்குத்தான் மூடி வேண்டும்.

டோம் வாங்கும்போது பெரும்பாலோர் சறுக்குவது அளவில். பெரியகோயில் விமானத்தின் அடித்தளம் சதுரம். சதுரத்தை வட்டத்துக்குள் அடக்கும்போது பக்க அளவைப் பார்க்கக் கூடாது. மூலைக்கு மூலை அளக்க வேண்டும். உங்கள் மாதிரியின் அடிப்பலகை ஒரு பக்கம் 15 செ.மீ. என்றால் மூலைவிட்டம் 21 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். கடைக்காரர் 20 செ.மீ. டோமை எடுத்துக்கொடுத்து, சரியாக இருக்கும் என்பார். நான்கு மூலைகளும் இடிக்கும். விரல் நுழையும் இடைவெளியும் வேண்டும் என்பதால் உட்புற விட்டம் 24 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். வெளிவிட்டத்தைச் சொல்லி விற்பதே வழக்கம். கண்ணாடியின் கனத்தை இருபுறமும் கழித்துக்கொள்ளுங்கள்.

உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. டோமின் மேற்பகுதி அரைக்கோளம். 20 செ.மீ. உள்விட்டமுள்ள டோமில் கடைசி 10 செ.மீ. உயரம் முழுவதும் உட்புறம் ஒடுங்கிக்கொண்டே போகும். அதற்குள் 12 செ.மீ. அகலமுள்ள தட்டையான உச்சி கொண்ட பொருளை வைத்தால், உச்சிக்கு 2 செ.மீ. கீழேயே தோள் தட்டிவிடும். விமானத்துக்கு இந்தக் கவலை இல்லை. 1010-இல் ராஜராஜன் கட்டிமுடித்த அந்த விமானம் 13 நிலைகளாகக் குறுகிக்கொண்டே போய் உருண்ட சிகரத்தில் முடிவதால், டோமின் வடிவத்தோடு இயல்பாகவே பொருந்திப்போகும். வைக்கும்போது கலசத்துக்கு மேல் 3 செ.மீ. அளவுக்காவது வெற்றிடம் விடுங்கள். உங்கள் மாதிரியில் நந்தி மண்டபமும் முன்கோபுரமும் ஒரே பலகையில் நீளவாக்கில் இருந்தால் டோம் எண்ணத்தையே விட்டுவிட்டு, நாற்புறமும் கண்ணாடி வைத்த செவ்வகப் பெட்டியைச் செய்துகொள்ளுங்கள். நீளமான பொருளுக்காகப் பெரிய டோம் வாங்கினால் இருபக்கமும் வெற்றிடம் கிடந்து கோயில் சிறுத்துத் தெரியும்.

பீடத்துக்கு நன்றாக உலர்ந்த பலா, மா, தேக்கு எதுவும் ஆகும். டோமின் விளிம்பு அசையாமல் உட்கார, தச்சரிடம் சொல்லிப் பீடத்தில் வட்டமாகக் காடி (குறுகிய பள்ளம்) எடுத்துக்கொள்ளுங்கள். காடிக்குள் பருத்தி நாடா ஒட்டினால் கண்ணாடி மரத்தில் உரசாது. புதிய பிளைவுட்டும் புதிய வார்னிஷும் மூடிய இடத்தில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும் என்பதால், வாசனை முற்றிலும் போகும்வரை பீடத்தை வெளியிலேயே வைத்திருங்கள்.

மற்ற டோம்களுக்குள் வைக்க நீங்கள் எழுதிய பட்டியலில் தஞ்சாவூர் நாட்டியப் பொம்மை இருக்கிறது. அதை மூட வேண்டாம். தலை, உடல், பாவாடை எனத் தனித்தனியாகக் கம்பிமுனையில் ஏற்றி, மின்விசிறிக் காற்றுக்கே ஆடும்படி செய்த பொம்மை அது. டோமுக்குள் போனால் ஆட்டம் நின்றுவிடும். வெறும் காகிதக்கூழ் உருவம் மட்டும் மிஞ்சும். தலையாட்டிப் பொம்மைக்கும் இதுவே. கைபட்டுச் சாய்ந்து எழுவதற்காகவே அதன் அடிப்பகுதியைக் கனமாகச் செய்திருக்கிறார்கள். தூசியைத் துடைக்க அவ்வப்போது சிறிது நேரம் செலவானால் ஆகட்டும்.

பித்தளை, வெண்கலப் பொருள்களுக்கும் டோம் தேவையில்லை. சுவாமிமலை வெண்கலச் சிலை காற்றோட்டத்தில் நின்று நிறம் ஆழ்ந்து வருவதுதான் அழகு. வழிபாட்டில் இருக்கும் சிலையாக இருந்தால் தொட்டு நீராட்டிப் பூ வைக்க வேண்டியிருப்பதால் கண்ணாடி இடைஞ்சலாகவே இருக்கும். பழைய வெள்ளிக் குங்குமச்சிமிழ், சந்தனப்பேலா போன்றவற்றை வைக்கலாம்; மூடிய இடத்தில் வெள்ளி மெதுவாகவே கறுக்கும். ஆனால் அடியில் ரப்பர் விரிப்பையோ கம்பளியையோ போட்டுவிடாதீர்கள். அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைச் சீக்கிரம் கறுக்கச் செய்துவிடும். தஞ்சாவூர்க் கலைத்தட்டு தட்டையானது. அதைச் சுவரில் மாட்டுவதே முறை.

நெட்டிக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது நெற்கதிர். தை அறுவடையில் முற்றிய சம்பாக் கதிர்களை ஒரு பிடி அறுத்து, தாளோடு சேர்த்துக் கட்டி, உயரமான ஒடுங்கிய டோமுக்குள் நிறுத்திப் பாருங்கள். கடையில் வாங்கும் எந்த அலங்காரப் பொருளும் அதன் பக்கத்தில் நிற்காது. மாப்பிள்ளைச் சம்பாவின் சிவந்த சாயலும் கருப்புக் கவுனியின் கருமையும் தூயமல்லியின் மெலிந்த மணியும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு புரியும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைப் பாதுகாத்த நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவுக்குப் பிறகு டெல்டாவில் இந்த ரகங்களைப் பயிரிடுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். தெரிந்த விவசாயியிடம் சொல்லிவைத்தால் களத்துக்குப் போகுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக்கொடுப்பார். வீட்டில் நிலமிருந்தால் சொந்த வயலின் கதிரையே வையுங்கள். அதன் மதிப்பு வேறு.

கதிரில் ஈரமும் பூச்சியும்தான் சிக்கல். நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடையும் பதம் வரும்வரை உலரவிட வேண்டும். அந்துப்பூச்சியின் முட்டை மணியோடு சேர்ந்தே வந்திருக்கக்கூடும். மூடிய டோமுக்குள் அந்து பறப்பதைப் பார்க்க நேர்ந்தால் முழுக் கொத்தையும் தூக்கியெறிய வேண்டியதுதான். அதைத் தவிர்க்க, உலர்ந்த கொத்தைக் காற்றுப்புகாத உறையில் இட்டு டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தெடுங்கள். எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் குளிர்ந்த மணியின் மேல் நீர் பூக்கும். அறைவெப்பத்துக்கு வந்தபின் பிரியுங்கள். அருங்காட்சியகங்களில் பூச்சிகளை மருந்தின்றி ஒழிக்கக் கையாளும் முறையும் இதுதான். நெட்டிக்கு இதைச் செய்ய வேண்டாம். ஒட்டிய இணைப்புகள் விட்டுப்போகலாம்.

பாட்டி காலத்து மரப்பாச்சி இணை உங்கள் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொலு முடிந்தபின் அதைத் துணியில் சுற்றிப் பரணில் போடுவதைவிட டோமுக்குள் வைப்பது எவ்வளவோ மேல். கட்டியிருக்கும் பட்டுத்துணியை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி உதறிப் பாருங்கள். கொலுப்படியின் மேல் டோமோடு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படி அசையும், சுண்டல் வாங்க வரும் பிள்ளைகள் தொடாமலிருக்க மாட்டார்கள்.

திருமண மாலையை உலர்த்தி டோமில் வைக்க வேண்டும் என்று உங்கள் மகள் விரும்புவதாகவும், வாடிய பூவை வீட்டில் வைக்கக் கூடாதென்று உங்கள் மாமியார் மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் மாமியாரின் பக்கம். காரணம் வேறாக இருந்தாலும். மல்லிகையும் சம்பங்கியும் நீர் நிறைந்த பூக்கள். சிலிக்கா ஜெல்லில் புதைத்து உலர்த்தினாலும் பழுத்துப்போன நிறத்தைத்தான் தரும். அடுத்த மழையில் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். ரோஜா ஓரளவு தாங்கும். அந்த மாலையின் புகைப்படத்தைக் காட்டி, நெட்டிக் கலைஞரிடம் அதேபோன்ற சிறு மாலையைச் செய்து வாங்கினால் வீட்டில் இருவருக்கும் மனக்குறை இராது.

டோமுக்குள் அகல்விளக்கு ஏற்றுவதைப் படங்களில் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அரிக்கேன் விளக்கின் சிம்னி மேலே திறந்திருப்பதால் புகை போகிறது. டோமில் அந்த வழி இல்லை. சுடர் கரியைக் கக்கி அணைந்துவிடும், அதற்குள் கண்ணாடியின் உச்சி சூடேறி விரிசல் விடவும் கூடும். சீரியல் விளக்கு போடலாம். பொத்தான் பேட்டரியில் எரியும் வகையாக இருந்தால் அந்தப் பெட்டி சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

செடி வளர்க்க ஆசையிருந்தால் அதற்குத் தனி டோம் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு 1829-இல் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் பெரணி தானாக முளைத்ததைக் கண்டு, அதன் அடிப்படையில் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்தார். பின்னர் சீனத் தேயிலைக் கன்றுகள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது அத்தகைய பெட்டிகளில்தான். பாசியும் சிறு பெரணியும் நம் ஈரத்தில் செழிக்கும். ஆனால் வெயில் நேராகப் பட்டால் சில மணிநேரத்தில் உள்ளே வெந்துவிடும். வடக்குச் சன்னலின் ஒளி போதும். காலையில் கண்ணாடி மங்கி, பிற்பகலில் தெளிந்தால் நீர் சரியாக இருக்கிறது என்று பொருள். நாள் முழுவதும் நீர் வழிந்தால் சற்றுநேரம் திறந்துவிடுங்கள்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். உங்கள் வீட்டின் சுவர் வெள்ளை என்கிறீர்கள்; வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை நெட்டி கரைந்துபோகும். பின்னால் அரக்கு நிறத்திலோ கரும்பச்சையிலோ ஒரு துணி இருந்தால் ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக எழுந்து தெரியும். பழைய திருபுவனம் பட்டுப்புடவையின் கிழியாத முந்தானைத் துண்டு இதற்குப் பொருத்தம். சுவர்மாடத்துக்குள் வைக்காதீர்கள். பின்பக்கம் மறைந்துபோவதோடு, வெளிச்சுவராக இருந்தால் மழையில் சுவரின் ஈரமும் சேரும். ட்யூப்லைட்டுக்கு நேரெதிரே வைத்தால் கண்ணாடியில் வெள்ளைக்கோடு விழுந்து உள்ளிருப்பது தெரியாது. பக்கவாட்டில் மஞ்சள் ஒளி வரட்டும். மேற்குச் சன்னலருகே வேண்டவே வேண்டாம். கண்ணாடி ஒளியைத் தடுக்காது, நெட்டி பழுப்பேறும். கூடத்தில் ஒரு டோம், அதிகம் போனால் இரண்டு. வரிசையாக ஆறு ஏழு வைத்தால் பள்ளி ஆய்வுக்கூடத்தின் சாயல் வந்துவிடும்.

கண்ணாடியைத் துடைக்க ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்தாதீர்கள், உப்புக்கறை படியும். கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரில் பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்துத் துடைத்தால் தெளிவாக இருக்கும். டோமை இரு கைகளாலும் நேராக மேலே தூக்கி, வேறிடத்தில் வைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் கவிழுங்கள்.

வாங்கும்போது விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கத் தேய்த்திருக்க வேண்டும். சமதளத்தில் வைத்து மெல்லத் தட்டினால் ஆடக் கூடாது. சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் அக்ரிலிக் டோம் பாதுகாப்பானது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், மின்னூட்டம் ஏறித் தூசியையும் இழுக்கும். பெட்டிக்கடைகளில் முன்பு மிட்டாய் போட்டு வைத்த கனமான கண்ணாடி ஜாடி எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். கவிழ்த்துப் பீடத்தில் வைத்தால் அதுவும் டோம்தான். ஜாடியின் வாயகலத்துக்குள் அடங்கும் பொருளைத்தான் வைக்க முடியும் என்பதை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.